பயன்பாட்டு உயிரியல் ஆய்வும் நிலைத்த ஊரக வளர்ச்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயன்பாட்டு உயிரியல் ஆய்வு என்று எதைச் சொல்கிறோம்?

உயிர்கள் எப்படி வளர்கின்றன, எப்படிப் பெருகுகின்றன, எப்படி ஒன்றையொன்று சார்ந்தும் தின்றும் வாழ்கின்றன என்பதை அறிந்து, அந்த அறிவைக் கொண்டு ஒரு குறிப்பிட்ட நிலப்பகுதியின் சிக்கலுக்கு வழி காண்பதையே இப்பெயரால் குறிக்கிறோம். பயிர் இனப்பெருக்கம், மண் நுண்ணுயிரியல், பூச்சியியல், கால்நடை நோயியல், மீன்வளம், காட்டியல், கழிவுகளை நொதிக்கச் செய்து பயன்கொள்ளுதல் ஆகியவை எல்லாம் இதில் அடங்கும். அடிப்படை ஆய்வை இதற்கு எதிரணியில் நிறுத்திப் பேசுவது வழக்கம் என்றாலும், இரண்டுக்கும் நடுவில் உள்ள கோடு அவ்வளவு தெளிவானதன்று. கீழே மரவள்ளி மாவுப்பூச்சியைப் பற்றிச் சொல்லும் இடத்தில், அருங்காட்சியக வேலை என்று பலர் ஒதுக்கும், உயிர்களை இனம் பிரித்தறியும் வகைப்பாட்டியல் எப்படிக் கோடிக்கணக்கானோரின் உணவைக் காக்க உதவியது என்பதைப் பார்க்கலாம்.

மற்றத் தொழில்நுட்பங்களிலிருந்து இது எவ்வகையில் வேறுபடுகிறது?

நீரிறைக்கும் பொறியைக் கிடங்கில் ஓராண்டு வைத்திருந்தாலும் அது பொறியாகவே இருக்கும். ஆனால் தானாக இரண்டாகாது. விதையும், நுண்ணுயிர்க் கலவையும், ஒட்டுண்ணிக் குளவியும், உயிருள்ள தடுப்பூசியும் அப்படியல்ல. அவை பொருத்தமான இடத்தில் தாமே பெருகும், பொருந்தாத இடத்தில் சொல்லாமல் செத்துப்போகும். பெருகும் இயல்பினால் ஒரு முறை கொடுத்தால் ஒரு வட்டாரம் முழுவதும் பரவும். அதே காரணத்தால் அதை மீண்டும் மீண்டும் விற்று லாபம் பார்க்க முடியாது என்பதால் வணிக நிறுவனங்கள் பெரும்பாலும் அதில் முதலீடு செய்வதில்லை. செத்துப்போகும் இயல்பினால் தயாரிப்பும் சேமிப்பும் கொண்டுசெல்லும் முறையும் கண்டுபிடிப்புக்கு நிகரான முக்கியத்துவம் பெறுகின்றன. ஊரக வளர்ச்சிக்கான உயிரியல் திட்டங்கள் சறுக்கும் இடத்தைக் கூர்ந்து பார்த்தால், அறிவியல் தவறியதைவிட இந்த இரண்டு இயல்புகளையும் மறந்து திட்டம் போட்டதே அடிக்கடி காரணமாக இருக்கிறது என்பது இப்பக்கத்தை எழுதுபவரின் கருத்து.

ஒரு வயலின் சிக்கலை ஏன் வட்டாரச் சிக்கலாகப் பார்க்க வேண்டும்?

பூச்சிக்கு வரப்பு தெரியாது. நெல்லைத் தாக்கும் புகையானை எடுத்துக்கொள்வோம். சிலந்திகளும் நீர்ப்பரப்பில் ஓடும் சிறு வேட்டைப் பூச்சிகளும் அதைத் தின்று அளவோடு வைத்திருக்கும். ஒரு வட்டாரத்தில் பெரும்பாலோர் பருவத் தொடக்கத்திலேயே மருந்து தெளித்தால் முதலில் மடிவது இந்த வேட்டைப் பூச்சிகள்தாம். தண்டுக்குள் முட்டையாக இருந்த புகையான் தப்பித்து, எதிரியற்ற வயலில் முன்பைவிட வேகமாகப் பெருகும். இந்தோனேசியாவில் 1980-களில் நடந்தது இதுதான். ஆய்வாளர்கள் இதைக் காட்டிய பிறகு 1986-இல் அந்நாட்டு அரசு நெல்லுக்குப் பயன்பட்டுவந்த 57 பூச்சிக்கொல்லி வகைகளுக்குத் தடை விதித்தது. 1989 முதல் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. அப்பள்ளிகளில் பாடநூல் இல்லை. வாரந்தோறும் வயலில் இறங்கி, தூருக்குத் தூர் பூச்சிகளை எண்ணி, பகைவர் எத்தனை, நண்பர் எத்தனை என்று படம் வரைந்து, தெளிப்பதா வேண்டாமா என்று உழவர்களே கூடி முடிவெடுத்தார்கள். ஒருவர் மட்டும் தெளிப்பை நிறுத்துவதால் இந்தப் பலன் முழுமையாகக் கிடைக்காது என்பதால்தான் இது வட்டார வேலை.

வட்டார அளவில் வெற்றி பெற்ற ஆய்வு ஒன்றை விரிவாகச் சொல்ல முடியுமா?

ஆப்பிரிக்காவின் மரவள்ளி மாவுப்பூச்சிக் கதையைச் சொல்லலாம். மரவள்ளி தென் அமெரிக்கப் பயிர். ஆப்பிரிக்காவில் சில நூற்றாண்டுகளாகவே வேரூன்றிப் பெருந்தொகையான மக்களின் அன்றாட உணவாகிவிட்டது. 1970-களின் தொடக்கத்தில் காங்கோ ஆற்றுப் பகுதியில், மரவள்ளியின் நுனிக் குருத்தில் வெண்பஞ்சு ஒட்டியதுபோல் ஒரு மாவுப்பூச்சி தென்பட்டது. சாறு உறிஞ்சப்பட்ட குருத்து சுருண்டு, கணுக்கள் நெருங்கி, செடி குட்டையாகி, கிழங்கு இளைத்தது. தன் பிறப்பிடத்து எதிரிகளை விட்டுவிட்டுப் பூச்சி மட்டும் வந்து சேர்ந்திருந்ததால் அதைத் தடுக்க இயற்கையில் எதுவும் இல்லை. மருந்து வாங்கித் தெளிக்க உழவர்களுக்கு வசதியும் இல்லை.

எதிரியைப் பிறப்பிடத்தில் தேடுவது என்று முடிவாயிற்று. தென் அமெரிக்காவின் வட பகுதியில் அதே போன்ற மாவுப்பூச்சியும் அதைத் தின்னும் ஒட்டுண்ணிகளும் கிடைத்தன. ஆனால் அந்த ஒட்டுண்ணிகள் ஆப்பிரிக்கப் பூச்சியைச் சீண்டவே இல்லை. நுணுகிப் பார்த்தபோதுதான் இரண்டும் வேறு வேறு இனங்கள் என்பது தெரிந்தது. தேடல் தெற்கே நகர்ந்தது. 1981-இல் பராகுவேயில் சரியான மாவுப்பூச்சியும், அதன் உடலுக்குள் முட்டையிடும் அனாகைரஸ் லோபெசி என்னும் மிகச் சிறிய குளவியும் அகப்பட்டன. வேறு உயிர்களுக்குத் தீங்கு செய்யாது என்று தனிமைப்படுத்திச் சோதித்த பிறகு, அதே ஆண்டில் நைஜீரியாவில் முதல் குளவிகள் விடப்பட்டன. பின்னர் மரவள்ளி விளையும் ஏறத்தாழ முப்பது ஆப்பிரிக்க நாடுகளுக்கு அவை பரவின. பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தில் இப்பணியை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. அதே மாவுப்பூச்சி 2008-இல் தாய்லாந்தில் தலைகாட்டியபோது, மறு ஆண்டே ஆப்பிரிக்க நாடான பெனினிலிருந்து அதே குளவியைத் தருவிக்க முடிந்தது.

இதில் உழவர் எதையும் வாங்கவில்லை, எதையும் தெளிக்கவில்லை. அதனாலேயே இத்தகைய வேலைக்குப் பொதுப் பணம் தேவைப்படுகிறது.

உயிர் உரம் ஒருவருக்குப் பலன் தருகிறது, பக்கத்து வயல்காரருக்குத் தருவதில்லை. ஏன்?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. ரைசோபியத்தை வைத்துப் பார்ப்போம். பயறுவகைச் செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் இந்தப் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு ஏற்ற வடிவில் மாற்றித் தருகிறது. 1888-இல் மார்ட்டினஸ் பைஜெரிங்க் இதை முதன்முதலாகத் தனித்துப் பிரித்து வளர்த்தார். பலன் வேறுபடுவதற்கான காரணங்கள் பெரும்பாலும் நான்குக்குள் அடங்கிவிடும்.

முதலாவது, இனப் பொருத்தம். ஒரு பயறுக்கு ஏற்ற பாக்டீரியா இன்னொன்றின் வேரில் முடிச்சே போடாமல் இருக்கலாம். இரண்டாவது, மண்ணில் ஏற்கெனவே தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், மிகுந்திருந்தால் செடி பாக்டீரியாவுக்கு இடம் கொடுக்காது. யூரியாவையும் அளவுக்கு மீறி இட்டு, ரைசோபியமும் கலந்தால் இரண்டில் ஒன்று வீண். மூன்றாவது, மணிச்சத்தோ மாலிப்டினமோ குறைவாக இருந்தாலும், மண்ணில் அமிலத்தன்மை மிகுந்திருந்தாலும், முடிச்சு உருவாகியும் வேலை நடக்காது. நான்காவது, உழவர் கையில் வந்து சேரும்போது பொட்டலத்துக்குள் உயிர் இருக்கிறதா என்பது. தகரக் கூரையின் கீழ் கோடை முழுவதும் கிடந்த பொட்டலத்தில் பெரும்பாலும் பாக்டீரியாவைச் சுமந்துவந்த கரித்தூளோ பீட் மண்ணோதான் மிஞ்சியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் நல்லதற்கும் கெட்டதற்கும் வேறுபாடே தெரியாது.

சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. பூக்கும் தறுவாயில் சில செடிகளை வேர் அறாமல் மண்வெட்டியால் கட்டியோடு பெயர்த்து, நீரில் அலசி, முடிச்சுகளை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் நைட்ரஜன் நிலைப்படுத்தல் நடக்கிறது. அந்த நிறம் நம் இரத்தத்தின் நிறமிக்கு உறவான லெக்ஹீமோகுளோபின் என்ற புரதத்தால் வருவது. வெளுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால், முடிச்சு இருக்கிறது, வேலை இல்லை என்று பொருள். இந்தச் சோதனைக்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. எல்லாம் கூடிவந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குப் பிரேசில் சான்று: அங்கே சோயா மொச்சை ஏறத்தாழ முழுவதும் இந்தப் பாக்டீரியாவை நம்பியே, தழைச்சத்து உரம் அநேகமாக இல்லாமலே விளைகிறது. யொகானா டோபெரெய்னர் போன்ற நுண்ணுயிரியலாளர்களின் நெடுங்கால உழைப்பும், தேர்ந்த பாக்டீரியா வகைகளும், பொட்டலத்தின் தரத்தைக் கண்காணிக்கும் ஏற்பாடும் அதற்குப் பின்னால் இருக்கின்றன.

ஆய்வு நிலையத்தில் நன்றாக விளைந்த ரகத்தை உழவர்கள் ஏன் சில நேரம் ஏற்பதில்லை?

விளைச்சல் ஒன்றை மட்டும் பார்த்து யாரும் பயிரிடுவதில்லை. தானியத்தின் பருமன், சமைத்த பின் பதம், வைக்கோலின் நீளம், அறுவடை நாள், சந்தை ஏற்கும் நிறம் எல்லாம் சேர்ந்ததே ஒரு ரகம். இதை உணர்ந்து செய்த வேலைக்கு வெள்ளம் தாங்கும் நெல் நல்ல சான்று. சாதாரண நெல் நீரில் மூழ்கினால் காற்றைத் தேடி விரைந்து நீண்டு, சேமித்த மாவுச்சத்தைத் தீர்த்துக்கொண்டு, நீர் வடிந்ததும் சாய்ந்து மடியும். ஒடிசாவின் மரபு நெல் ஒன்றிலிருந்து தேர்ந்த எஃப்.ஆர்.13ஏ என்ற வகையோ நீண்டு வளராமல் அடங்கி, சத்தை மிச்சம்பிடித்து, ஏறத்தாழ இரண்டு வாரம் வரை தாங்கும். இந்தப் பண்புக்குக் காரணமான சப்1 என்னும் மரபணுப் பகுதியை 1990-களில் கண்டறிந்த ஆய்வாளர்கள், மரபணு அடையாளக் குறிகளைக் கொண்டு தொடர்ந்து பின்கலப்பு செய்து (கலப்பில் பிறந்த செடியை மீண்டும் மீண்டும் பழைய ரகத்தோடே கலந்து), உழவர்கள் ஏற்கெனவே விரும்பிப் பயிரிட்டுவந்த ஸ்வர்ணா ரகத்துக்குள் அதை மட்டும் சேர்த்தார்கள். இந்தியாவில் 2009-இல் வெளியிடப்பட்ட ஸ்வர்ணா-சப்1, வெள்ளம் வராத ஆண்டில் பழைய ஸ்வர்ணாவாகவே நடந்துகொண்டது. மூட்டையில் எடுத்து வைத்து அடுத்த பருவத்துக்கு விதைக்கவும், உறவினருக்குக் கொடுக்கவும் முடிந்ததால் விதை தானே நடந்து பரவியது.

தேர்வு செய்யும் வேலையையே உழவர்களிடம் கொடுப்பது இன்னொரு வழி. 1990-களில் மலாவியில் உருவான தாய்-சேய்த் திடல் முறையில், ஊரின் நடுவே ஒரு தாய்த் திடலில் எல்லா வகைகளும் முறைப்படி பயிரிடப்படும். சுற்றியுள்ள உழவர்கள் அதைப் பார்த்துத் தமக்குப் பிடித்த இரண்டு மூன்றை மட்டும் தம் நிலத்தில் சேய்த் திடலாக வளர்த்துப் பார்ப்பார்கள். தாய்த் திடல் புள்ளிவிவரம் தரும். சேய்த் திடல் உண்மையைச் சொல்லும்.

கால்நடை வளர்ப்பில் இதற்கு என்ன பங்கு?

மாட்டு வெக்கை நோய் உலகை விட்டே ஒழிந்தது என்று 2011-இல் அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பிறகு மனித முயற்சியால் ஒழிக்கப்பட்ட இரண்டாவது நோய் அது. வால்டர் பிளௌரைட் கென்யாவில் உருவாக்கிய தடுப்பூசி 1960-களிலிருந்தே இருந்தது. மிகச் சிறந்த ஊசி அது. ஆயினும் அதைக் குளிரிலேயே வைத்துக் கொண்டுபோக வேண்டியிருந்ததால், மின்சாரமும் சாலையும் இல்லாத மேய்ச்சல் நிலங்களில் நோய் ஒளிந்து வாழ்ந்தது. உறையவைத்து உலர்த்தும் முறையைத் திருத்தி, குளிர்ப்பெட்டி இல்லாமலேயே ஏறத்தாழ ஒரு மாதம் தாங்கும் வடிவம் பின்னர் வந்தது. அதை முதுகுப் பையில் போட்டுக்கொண்டு, மந்தையோடு நடக்கத் தெரிந்த, அந்தந்தச் சமூகத்தைச் சேர்ந்த பயிற்சி பெற்ற பணியாளர்கள் ஊசி போட்டதும் கடைசிப் புகலிடங்களும் மறைந்தன. கிராமக் கோழிகளின் வெள்ளைக் கழிச்சலுக்கு எதிராக ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் உருவாக்கிய வெப்பந்தாங்கும் ஐ-2 தடுப்பு மருந்தும் இதே வழியைப் பின்பற்றியது: கண்ணில் ஒரு சொட்டு, அதை இடக் கற்றுக்கொள்ள ஒரு நாள்.

இயற்கையோடு இணைந்த முறைகள் வேலைப்பளுவைக் கூட்டாதா?

சில கூட்டும். அதை மறைத்துப் பேசும் திட்டங்கள் இரண்டாம் ஆண்டிலேயே கைவிடப்படும். கென்யாவில் பன்னாட்டுப் பூச்சியியல் மையம் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் நிலையத்தோடு சேர்ந்து உருவாக்கிய தள்ளி-இழுக்கும் முறையைப் பாருங்கள். மக்காச்சோள வரிசைகளுக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற பயறினச் செடி. வயலைச் சுற்றி நேப்பியர் புல். டெஸ்மோடியத்தின் வாசம் தண்டுத்துளைப்பான் அந்துப்பூச்சியை விரட்ட, புல் அதை ஈர்க்கிறது. டெஸ்மோடியத்தின் வேர்க்கசிவு சுடுமல்லி வகையைச் சேர்ந்த ஒட்டுண்ணிக் களையையும் அடக்குகிறது. முதல் ஆண்டில் டெஸ்மோடியத்தை நிலைபெறச் செய்யக் களையெடுப்பு வேலை கூடுகிறது, அது பெரும்பாலும் பெண்களின் தலையில் விழுகிறது. பின்னர் டெஸ்மோடியம் நிலத்தை மூடிக்கொள்வதால் களையெடுப்பு குறைகிறது. புல்லும் டெஸ்மோடியமும் இரண்டுமே தீவனமாவதால் மாடு வைத்திருப்பவருக்கு இரட்டைப் பலன். மாடு இல்லாதவருக்கு அப்பலன் பாதிதான். யாருக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதே நேர்மை.

வேளாண் கழிவுகளிலிருந்து உள்ளூரில் வேலைவாய்ப்பு உருவாகுமா?

உருவாகும், அளவோடு. வைக்கோலில் சிப்பிக்காளான் வளர்த்து, எஞ்சியதை மக்கவைத்து வயலுக்கு இடலாம். சாணத்திலிருந்து எரிவாயு எடுத்து, வெளிவரும் கரைசலை உரமாக்கலாம். காளானில் தடுக்கி விழும் இடம் வித்து, அதாவது காளானை வளர்க்க விதையாக இடும் பொருள். தூய வித்து கிடைக்காவிட்டால் பைக்குள் பச்சைப் பூசணம் முந்திக்கொள்ளும். எனவே பத்துப் பதினைந்து வளர்ப்பாளர்களுக்கு நம்பகமான வித்துக்கூடம் ஒன்று அருகில் இருப்பது பத்துப் பயிற்சி முகாம்களைவிட மேல். எரிவாயுக் கலத்துக்கோ குளிர்தான் எதிரி. வெப்பம் 15 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் மந்தமாகிவிடும்.

தவறாகிப்போனவை உண்டா?

உண்டு, அவற்றையும் படிக்க வேண்டும். கரும்பு வண்டுகளை ஒழிக்க 1935-இல் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கரும்புத் தேரை வண்டைக் கட்டுப்படுத்தவில்லை. எதையும் தின்னும் அத்தேரை கண்டத்தின் வடபகுதியெங்கும் பரவி, தன் நஞ்சால் பல உள்நாட்டு விலங்குகளைக் கொன்றது. மரவள்ளிக் குளவி ஒரே ஒரு பூச்சியை நம்பி வாழ்வது என்று முன்னதாக உறுதிசெய்யப்பட்டிருந்தது. தேரையைப் பற்றி அப்படி யாரும் கேட்கவில்லை.

இன்னொன்று காட்டாமணக்கு. தரிசில் தானே வளரும், எண்ணெய் தரும் என்று இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் பல நாடுகளில் பெருமளவில் நடப்பட்டது. தரிசில் அது சாகாமல் இருந்தது உண்மை, காய்த்துக் குவிக்கவில்லை. நல்ல விளைச்சலுக்கு நல்ல மண்ணும் நீரும் அதற்கும் வேண்டியிருந்தன. இனப்பெருக்க ஆய்வு முடியாத ஒரு காட்டுச் செடியை நேரடியாகத் திட்டத்துக்குள் கொண்டுவந்ததன் விலை அது.

உள்ளூர் மக்களின் அறிவைப் பயன்படுத்தினால் அவர்களுக்குப் பங்கு கிடைக்குமா?

கிடைக்க வேண்டும் என்பதே 1992-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்க உடன்படிக்கையும், 2010-இல் ஏற்கப்பட்டு 2014-இல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறையும் சொல்வது. கேரளத்தின் அகத்தியர் மலையில் 1987-இல் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிய காணி மக்கள், சோர்வு தீர ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் காயைத் தின்பதைக் காட்டினார்கள். திருவனந்தபுரத்து வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆய்வு நிறுவனம் அதிலிருந்து மருந்துக் கலவை ஒன்றை உருவாக்கி, உரிமத் தொகையில் பாதியை அம்மக்களின் அறக்கட்டளைக்கு அளித்தது. உலகெங்கும் எடுத்துக்காட்டாகப் பேசப்படும் இந்த ஏற்பாட்டிலும், அச்செடியைக் காட்டில் சேகரிக்கவோ வளர்க்கவோ அனுமதி கிடைப்பதில் சிக்கல் எழுந்தது. பங்கீட்டு ஒப்பந்தத்தோடு மூலப்பொருளின் மீதான உரிமையும் பேசப்படாவிட்டால் ஒப்பந்தம் தாளோடு நின்றுவிடும்.

ஓர் ஊரோ உழவர் குழுவோ எங்கிருந்து தொடங்குவது?

தீர்விலிருந்து தொடங்க வேண்டாம், இழப்பிலிருந்து தொடங்குங்கள். எந்த மாதத்தில், எந்த நிலத்தில், எது போகிறது என்று ஒரு பருவம் முழுவதும் குறித்து வையுங்கள். அந்தக் குறிப்போடு அருகிலுள்ள வேளாண் கல்லூரிக்கோ ஆய்வு நிலையத்துக்கோ சென்றால் உரையாடலே வேறாகிவிடும்.

பலன் உண்மையா என்று எப்படி அறிவது?

ஒப்பீட்டுத் துண்டு ஒன்றை விட்டுவைக்காத எந்தச் சோதனையும் சோதனையன்று. ஒரே வயலில், ஒரே நாளில் விதைத்து, ஒரு பகுதிக்குப் புதிய முறையும் மறுபகுதிக்குப் பழைய முறையும் கையாண்டு, இரண்டையும் தனித்தனியே எடைபோட வேண்டும். குறைந்தது சில வயல்களில், ஒன்றுக்கு மேற்பட்ட பருவங்களில். நல்ல மழை பெய்த ஆண்டில் எல்லா உரமும் நல்ல உரமே.

திட்டம் முடிந்த பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள்?

மரவள்ளிக் குளவி போலத் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் தீர்வுகள் அரிது. பெரும்பாலானவற்றுக்கு இடையறாத பராமரிப்பு வேண்டும், அதற்கான செலவை முதல் நாளே யாராவது ஏற்றிருக்க வேண்டும். கால்நடைகளின் புண்ணில் முட்டையிட்டு உயிருள்ள சதையைத் தின்னும் புழுக்களை உண்டாக்கும் புண்புழு ஈயை, மலட்டாக்கிய ஆண் ஈக்களைப் பெருந்திரளாகப் பறக்கவிட்டு ஒழிக்கலாம் என்பது 1954-இல் கரீபியன் கடலின் குராசவோ தீவில் நிறுவப்பட்டது. பெண் ஈ பொதுவாக ஒரு முறையே கூடும் என்பதால் மலட்டு ஆணோடு கூடியது வாரிசின்றிப் போகும். வட அமெரிக்காவிலிருந்தும் நடு அமெரிக்காவிலிருந்தும் ஈ படிப்படியாக விரட்டப்பட்டு, பனாமாவின் குறுகிய நிலப்பகுதியில் மலட்டு ஈக்களால் ஒரு வேலி பல ஆண்டுகளாகப் பராமரிக்கப்பட்டது. 2023-இல் ஈ அந்த வேலியைத் தாண்டிப் பெருகியது. 2024 நவம்பரில் மெக்சிகோவை எட்டியது. அங்கே பழ ஈக்களை வளர்த்துவந்த கூடம் ஒன்றை, மலட்டுப் புண்புழு ஈக்களை வளர்ப்பதற்காக மாற்றியமைக்கும் வேலை 2025-இல் தொடங்கியது.